பிடிபட்ட எலெக்ட்ரான்கள் எங்கே போகின்றன?

2012 ஆகஸ்ட் 30 அன்று நாசா இரட்டை விண்கலங்களை ஏவியது. பூமியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சுப் பட்டைகளைத் தொலைவில் நின்று பார்க்காமல், அவற்றுக்குள்ளேயே சுற்றி வந்து அளப்பதற்காகக் கட்டப்பட்டவை அவை. புதிய விண்கலத்தின் கருவிகளை வாரக்கணக்கில் சரிபார்த்த பிறகுதான் முழுமையாக இயக்குவது வழக்கம். இந்தக் கலங்களில் உயர் ஆற்றல் எலெக்ட்ரான்களை எண்ணும் கருவியை மட்டும் சில நாள்களிலேயே இயக்கிவிட்டார்கள். 1992 முதல் அதே எலெக்ட்ரான்களைக் கீழிருந்து அளந்துவந்த சாம்பெக்ஸ் என்ற பழைய செயற்கைக்கோள் இன்னும் சில வாரங்களில் வளிமண்டலத்துக்குள் விழுந்து எரியவிருந்தது. அதற்குள் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டுவிட வேண்டும் என்று கருவிக்குப் பொறுப்பான டேனியல் பேக்கரின் குழு விரும்பியது.

அந்த அவசரத்தால்தான் ஓர் அரிய நிகழ்வு தப்பாமல் பதிவாயிற்று. அதுவரை பாடநூல்கள் சொன்னது இரண்டு பட்டைகள்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் கிட்டத்தட்ட வெறுமையான இடைவெளி. செப்டம்பர் தொடக்கத்தில் வெளிப்பட்டையின் பெரும்பகுதி திடீரென்று அழிந்தது. அதன் உள்விளிம்பில் தப்பிய எலெக்ட்ரான்கள் ஒல்லியான வளையமாக, பூமியின் மையத்திலிருந்து 3 முதல் 3.5 புவி ஆரத் தொலைவில், அப்படியே நின்றன. அதற்கு வெளியே புதிதாக இன்னொரு பட்டை உருவாயிற்று. ஆக மொத்தம் மூன்று. அந்த நடு வளையம் நான்கு வாரம் நிலைத்தது. பிறகு, அக்டோபர் 1 வாக்கில், சூரியனிலிருந்து கிளம்பிய ஓர் அதிர்ச்சி அலை பூமியைக் கடந்தபோது ஏறத்தாழ முழுவதும் மறைந்துபோனது.

நான்கு வாரம் அசையாமல் நின்ற ஒன்று எப்படி அவ்வளவு விரைவில் மறைந்தது? அதே செப்டம்பரில் அதற்கு வெளியே இருந்தவை அழிந்தபோது இது மட்டும் ஏன் தப்பியது? கதிர்வீச்சுப் பட்டைகளைப் பற்றிய ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் நடந்துவருகிறது. எலெக்ட்ரான்கள் மாட்டிக்கொள்வதையும் தப்பிப்பதையும் எதிரெதிர் நிகழ்ச்சிகளாகப் பிரித்துப் பேசுவதே நம் புரிதலைத் தடுக்கிறது என்பது என் எண்ணம். அவற்றை உள்ளே கொண்டுவந்து ஆற்றல் ஏற்றும் அதே கலக்கங்கள்தாம் பெரும்பாலும் அவற்றை வெளியேற்றுகின்றன.

பூஜ்யம் காட்டிய கருவி

கதை 1958 தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1இல் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் ஒரு கைகர் எண்ணியை வைத்திருந்தார். அண்டக்கதிர்களை எண்ணுவது அதன் வேலை. குறைந்த உயரத்தில் எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தது. உயரம் கூடியபோது எண்ணிக்கை பூஜ்யமாயிற்று. மார்ச் மாதம் சென்ற எக்ஸ்புளோரர் 3இல் நாடாப் பதிவுக்கருவியும் இருந்ததால் ஒரு சுற்று முழுவதையும் தொடர்ந்து பார்க்க முடிந்தது: எண்ணிக்கை ஏறுகிறது, உச்சத்தைத் தொடுகிறது, சட்டென்று பூஜ்யமாகிறது, மறுபடி வருகிறது. வான் ஆலனின் மாணவர் கார்ல் மெக்இல்வைன் அதே வகை எண்ணியை எக்ஸ் கதிர்க் கருவியின் முன்னால் வைத்துச் சோதித்தார். கதிர்வீச்சு மிக அதிகமானால் எண்ணி திணறிப்போய் ஒன்றையும் எண்ணாமல் விட்டுவிடுகிறது என்று தெரிந்தது. அங்கே கதிர்வீச்சு இல்லாமல் இல்லை. கருவி தாங்காத அளவுக்கு இருந்தது. 1958 மே 1 அன்று இதை அறிவித்தார்கள். சோவியத் ஒன்றியத்தில் செர்கெய் வெர்னோவின் கருவி 1957 நவம்பரிலேயே ஸ்புட்னிக் 2இல் பறந்திருந்தது. தரவு சொந்த நாட்டின் மேல் கலம் சென்ற நேரங்களில் மட்டுமே அவர்கள் கைக்குக் கிடைத்ததால் முழுப் படம் அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

காந்தப்புலத்துக்குள் மின்னூட்டத் துகள்கள் சிறைப்பட்டுக் கிடக்கலாம் என்பது அதற்கு முன்பே கணக்கில் வந்திருந்தது. நார்வேயின் கார்ல் ஸ்டார்மர் துருவ ஒளியை விளக்க முயன்றபோது, இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில், இருமுனைக் காந்தப்புலத்தில் துகள்கள் செல்லும் பாதைகளைக் கையால் கணித்தார். வெளியிலிருந்து எட்ட முடியாத, உள்ளேயிருந்து தப்ப முடியாத பாதைகளும் அவற்றில் கிடைத்தன. வெளியிலிருந்து எட்ட முடியாத இடத்துக்குத் துகள்கள் எப்படி வரும் என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை.

மூன்று அசைவுகள்

பூமியின் மையத்திலிருந்து நான்கு புவி ஆரத் தொலைவில், நடுக்கோட்டுத் தளத்தில், ஒரு மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான் ஒன்றை எடுத்துக்கொள்வோம் (எலெக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு; மெகா என்றால் அதில் பத்து இலட்சம், கிலோ என்றால் ஆயிரம்). ஒளியின் வேகத்தில் 94 விழுக்காடு வேகம் அதற்கு. காந்தவிசை அதன் திசையை ஓயாமல் வளைப்பதால், அது காந்த விசைக்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 10 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தில், நொடிக்குச் சில ஆயிரம் முறை சுழல்கிறது.

சுழன்றுகொண்டே விசைக்கோட்டின் வழியே வடக்காகவோ தெற்காகவோ நகரவும் செய்கிறது. விசைக்கோடுகள் துருவப் பகுதியை நெருங்க நெருங்க ஒன்றுகூடி நெருக்கமாகின்றன, புலம் வலுக்கிறது. வலுத்த புலத்தில் எலெக்ட்ரானின் வேகத்தில் மேன்மேலும் அதிகப் பங்கு சுழற்சிக்கே போய்விடுகிறது. முன்னோக்கிய நகர்வு குறைந்து, நின்று, திரும்புகிறது. காந்தப்புலம் இங்கே ஆடியாக வேலை செய்கிறது. இரு அரைக்கோளங்களிலும் இப்படி ஆடிகள் இருப்பதால் எலெக்ட்ரான் வடக்கும் தெற்குமாகப் போய்வருகிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பயணத்தைப் போய்த் திரும்பி முடிக்க அரை நொடிகூட ஆவதில்லை.

மூன்றாவது அசைவு நிதானமானது. பூமிக்கு அருகில் புலம் வலு, தொலைவில் மெலிவு; விசைக்கோடும் வளைந்தது. இதனால் ஒவ்வொரு சுழற்சியிலும் எலெக்ட்ரான் கொஞ்சம் கிழக்கே விலகுகிறது. புரோட்டான்கள் மேற்கே விலகும். நம் எலெக்ட்ரான் கால் மணி நேரத்துக்குச் சற்று ஏறக்குறைய ஒரு முறை பூமியையே சுற்றி வந்துவிடும். அது வரையும் பாதை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பூமியைச் சூழ்ந்த ஒரு வளையம் கிடைக்கும். அதுதான் பட்டை.

இந்த மூன்று அசைவுகளுக்கும் கால அளவு மிகவும் வேறு வேறு: மில்லிநொடி, நொடி, நிமிடம். ஒவ்வொன்றோடும் ஏறத்தாழ மாறாமல் காக்கப்படும் ஓர் அளவு சேர்ந்திருக்கிறது. புலம் அந்த அசைவின் கால அளவைவிட மெதுவாக மாறும்வரை அந்த அளவு மாறாது. மூன்றும் மாறாமல் இருக்கும் வரை எலெக்ட்ரான் எங்கும் போக முடியாது.

பிடிபட்டவை வெளியே வர முடியாது என்றால், அதே காரணத்தால், வெளியே இருப்பவை உள்ளே வரவும் முடியாது. பாதையைத் திருப்பி ஓட்டிப் பார்த்தாலும் அதே விதிதான். அப்பழுக்கில்லாத காந்தப் பொறி இருந்தால் அது என்றைக்கும் காலியாகவே இருக்கும். பட்டைகள் நிறைந்திருக்கின்றன என்பதே அந்தப் பொறி ஒழுகுகிறது என்பதற்குச் சான்று.

இதற்கு அழகான ஒரு விதிவிலக்கு உண்டு. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தின் அணுக்கருக்களைத் தாக்கும்போது நியூட்ரான்கள் தெறித்து மேலே கிளம்புகின்றன. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. காந்தப்புலம் அதைத் தடுக்காது. தனித்த நியூட்ரானின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 880 நொடி. பட்டைப் பகுதியைக் கடக்கும்போது அவற்றில் சில சிதைந்து புரோட்டானும் எலெக்ட்ரானுமாகப் பிரிகின்றன. கதவைத் திறக்காமலே உள்ளே பிறந்தவை அவை. உள்பட்டையின் உயர் ஆற்றல் புரோட்டான்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. அதனால்தான் அந்தப் பட்டை ஆண்டுக்கணக்கில் அவ்வளவு நிதானமாக இருக்கிறது. வெளிப்பட்டையின் எலெக்ட்ரான்களுக்கு இந்த விளக்கம் போதாது. அவை நாள்கணக்கில் ஆயிரம் மடங்கு கூடுகின்றன, குறைகின்றன.

ஆற்றல் எங்கிருந்து

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றில் வரும் எலெக்ட்ரானுக்குப் பத்து எலெக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றல்தான் இருக்கும். பட்டையில் இருப்பதற்குப் பத்து இலட்சமும் அதற்கு மேலும். ஏற்றம் ஒரு இலட்சம் மடங்கு. நிலையான காந்தப்புலம் துகளின் திசையை மாற்றுமே தவிர ஆற்றலைக் கூட்டாது. அதற்கு மின்புலம் வேண்டும்.

முதல் கட்டம் பூமியின் இருண்ட பக்கத்தில் நடக்கிறது. சூரியக் காற்று பின்னால் நீட்டி இழுத்துவைத்திருக்கும் காந்த வால் அவ்வப்போது அறுந்து மீள்கிறது. அப்போது எலெக்ட்ரான்கள் சில பத்து முதல் சில நூறு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பூமியை நோக்கித் தள்ளப்படுகின்றன. அங்கிருந்து மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை எப்படி ஏறுகின்றன என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது.

ஒரு தரப்பு சொன்னது: சூரியக் காற்றின் உந்துதலில் விசைக்கோடுகள் சில நிமிடக் கால அளவில் அதிர்கின்றன. எலெக்ட்ரான் பூமியைச் சுற்றிவரும் காலமும் அதே அளவு. இரண்டும் ஒத்துப்போகும்போது மூன்றாவது மாறா அளவு உடைகிறது; எலெக்ட்ரான்கள் உள்ளும் புறமும் பரவுகின்றன. உள்ளே நகர்ந்தவை வலுவான புலத்துக்கு வருவதால் ஆற்றல் பெறுகின்றன. மறு தரப்பு சொன்னது: எலெக்ட்ரான்கள் வெளியிலிருந்து வந்து ஆற்றல் பெறவில்லை, பட்டையின் நடுவிலேயே பெறுகின்றன, கொடுப்பது கோரஸ் எனப்படும் அலைகள். பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹோர்ன், கலிபோர்னியாவின் ரிச்சர்டு தோர்ன் ஆகியோர் 1990களின் பிற்பகுதியிலிருந்து இதை வலியுறுத்தினார்கள்.

கோரஸ் பிறக்கும் விதம் கவனிக்கத் தக்கது. காந்த வாலிலிருந்து தள்ளப்பட்ட எலெக்ட்ரான்கள் நள்ளிரவுப் பக்கத்திலிருந்து கிழக்கே, அதாவது விடியல் பக்கம் நகர்கின்றன. அவற்றில் சில பத்து கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ளவை சமநிலையில் இல்லாததால் தம் ஆற்றலின் ஒரு பகுதியை மின்காந்த அலைகளாக உமிழ்கின்றன. அந்த அலையின் மின்புலம் எலெக்ட்ரான் சுழலும் அதே போக்கில் சுழல்வது. எலெக்ட்ரான் நகரும் வேகத்தில் அதற்குத் தெரியும் அலையின் அதிர்வெண்ணும் அதன் சுழற்சி அதிர்வெண்ணும் ஒன்றானால், எலெக்ட்ரானுக்கு அந்த மின்புலம் நிலையாக ஒரே பக்கம் தள்ளுவதாகத் தோன்றும். அப்படி ஒத்திசைந்த நூறு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் மற்றும் அதற்கு மேற்பட்ட எலெக்ட்ரான்கள் ஆற்றலைப் பெற்றுக்கொள்கின்றன. ஒரே கூட்டத்தில் வந்தவற்றுள் எளியவை கொடுக்கின்றன, வலியவை எடுத்துக்கொள்கின்றன.

தீர்ப்பு 2012 அக்டோபர் 8, 9 தேதிகளில் வந்த புவிக்காந்தப் புயலில், அதாவது சூரியக் காற்றின் தாக்கத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்கிய வேளையில், கிடைத்தது. எலெக்ட்ரான்கள் வெளியிலிருந்து பரவி வந்திருந்தால், இட வேறுபாட்டால் வரும் ஆற்றல் மாற்றத்தைக் கழித்துப் பார்க்கும்போது, அடர்த்தி வெளியே அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருக்க வேண்டும். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஜெஃப்ரி ரீவ்ஸும் மற்றவர்களும் இரட்டைக் கலங்களின் அளவுகளைக் கொண்டு பார்த்தபோது உச்சம் பட்டையின் நடுவிலேயே இருந்தது. நேரம் போகப் போக அங்கேயே வளர்ந்தது. 2013இல் அது வெளியானது. பரவல் பொய் என்று அதற்குப் பொருளில்லை. அந்த உச்சத்திலிருந்து இரு பக்கமும் எலெக்ட்ரான்களைப் பரப்புவது அதுதான். ஆனால் ஆற்றலின் ஊற்று உள்ளேயே இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

1991 மார்ச் 24 அன்று நடந்தது தனி ரகம். ஓர் அதிர்ச்சி அலை, பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தமண்டலத்தை அழுத்தியபோது எழுந்த மின்புலம், எலெக்ட்ரான்கள் பூமியை ஒருமுறை சுற்றி வரும் நேரத்துக்குள்ளேயே அவற்றை உள்ளே வாரித் தள்ளி, 15 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஏற்றிவிட்டது. வழக்கமாக வெறுமையாக இருக்கும் பகுதியில் சில நிமிடங்களில் ஒரு புதிய பட்டை. சிஆர்ஆர்இஎஸ் செயற்கைக்கோள் தற்செயலாக அங்கே இருந்து அதைப் பதிவு செய்தது.

கீழே ஒரு வழி, வெளியே ஒரு வழி

இழப்புக்கு வருவோம். எலெக்ட்ரான் விசைக்கோட்டோடு எந்தக் கோணத்தில் செல்கிறது என்பதைப் பொறுத்து அது திரும்பும் உயரம் அமையும். கோணம் சிறிதானால் அது இன்னும் கீழே போய்த் திரும்பும். மிகச் சிறிதானால், திரும்புவதற்கு முன்பே காற்று வந்துவிடும். ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்துக்குக் கீழே இறங்கிய எலெக்ட்ரான் காற்று மூலக்கூறுகளோடு மோதி ஆற்றலை இழக்கிறது, மீள்வதில்லை. அந்தச் சிறு கோணங்களின் தொகுப்புக்கு இழப்புக் கூம்பு என்று பெயர். நான்கு புவி ஆரத் தொலைவில், நடுக்கோட்டில், அதன் அரைக்கோணம் 5 டிகிரியைச் சற்றுத் தாண்டும். பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் செயற்கைக்கோள்கள் இருக்கும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் 2.5 டிகிரிதான். அவ்வளவு குறுகிய வாசல். அலைகள் எதுவும் இல்லாவிட்டால் அதில் இருந்தவை முதல் துள்ளலிலேயே விழுந்துவிடும். மற்றவை அங்கேயே நிற்கும்.

கோணத்தைக் கலைப்பது அலைகள். முன்பு ஆற்றல் கொடுத்த அதே கோரஸ்தான் இங்கேயும் வருகிறது. ஒத்திசைவில் ஆற்றல் மட்டும் மாறுவதில்லை, கோணமும் மாறுகிறது. பெரிய கோணத்தில் இருப்பவை வேகம் பெறும் அதே நேரத்தில், சிறிய கோணத்தில் இருப்பவை இழப்புக் கூம்புக்குள் தள்ளப்படுகின்றன. ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் நீடிக்கும் எலெக்ட்ரான் தூவல்களாக அவை வளிமண்டலத்தில் விழுவதைச் செயற்கைக்கோள்களும், அண்டார்க்டிகாவில் பறக்கவிட்ட பலூன்களும் கண்டிருக்கின்றன. 2018இல் ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் இதை நேரடியாகக் காட்டியது: மேலே கோரஸ் துடிக்கும்போது இழப்புக் கூம்பு எலெக்ட்ரான்களால் நிரம்புகிறது, அதே விசைக்கோட்டின் அடியில், தரையிலிருந்து பார்த்தால், துருவ ஒளி அதே தாளத்தில் மின்னி மறைகிறது. பட்டையை வளர்ப்பதும் அதிலிருந்து உதிர்ப்பதும் ஒரே அலை. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான்.

கோரஸ் காலி செய்யும் வேகம் ஒன்றாக இருக்க, பூமிக்கு நெருக்கமாகக் குளிர்ந்த அடர்ந்த அயனிகள் நிறைந்திருக்கும் பிளாஸ்மாக்கோளத்துக்குள் ஹிஸ் என்ற வேறோர் அலை இருக்கிறது. மெல்லியது, ஆனால் ஓயாதது. நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக எலெக்ட்ரான்களின் கோணத்தைக் கரைக்கிறது. இரு பட்டைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி இப்படித்தான் பராமரிக்கப்படுகிறது என்று 1970களின் தொடக்கத்திலேயே லயன்ஸும் தோர்னும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஹிஸ் எங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் புதிராக இருந்தது. வெளியே பிறந்த கோரஸ் அலைகள் வளைந்து பிளாஸ்மாக்கோளத்துக்குள் புகுந்து, அங்கே சிக்கி, கலந்து ஹிஸ்ஸாக மாறக்கூடும் என்று 2008இல் ஜேக்கப் போர்ட்னிக்கும் தோர்னும் மெரிடித்தும் காட்டினார்கள்.

செப்டம்பர் 2012இன் நடு வளையம் தப்பியதற்கும் இங்கே விடை இருக்கிறது. வளையம் அப்போது பிளாஸ்மாக்கோளத்துக்குள் இருந்தது. அங்கே கோரஸ் இல்லை. ஹிஸ் இருந்தது, ஆனால் பல மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களோடு அது மிக மெல்லவே ஒத்திசையும். அதனால் வளையம் மெதுவாகத் தேய்ந்ததே தவிர உடையவில்லை.

மின்காந்த அயனிச் சுழற்சி அலைகள் என்று மூன்றாவது ஒரு வகையும் உண்டு. புயலின்போது பூமியைச் சுற்றி ஓடும் அயனிகளின் வளைய மின்னோட்டத்திலிருந்து பிறப்பவை. மாலைப் பக்கத்தில் அதிகம். இவை பெரும்பாலும் மிக உயர்ந்த ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களையே, அதுவும் சில மணி நேரத்தில், வளிமண்டலத்தில் கொட்டக்கூடியவை. ஆனால் நடுக்கோட்டுத் தளத்தை ஒட்டியே துள்ளும், பெரிய கோணமுள்ள எலெக்ட்ரான்களை இவை தொடுவதில்லை. அவற்றை வேறு அலை சற்றுக் கலைத்துக் கொடுத்தால்தான் இவை வேலையை முடிக்க முடியும்.

கீழே விழுவதெல்லாம் எங்கே விழுகிறது? நான்கு புவி ஆரம் வரை எட்டும் விசைக்கோடு தரையைத் தொடுவது காந்த அட்சரேகை 60 டிகிரியில். ஆகவே அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, அண்டார்க்டிகா. தமிழ்நாட்டின் தென்கோடியும் இலங்கையும் காந்த நடுக்கோட்டை ஒட்டியவை. நமக்கு மேலே கிளம்பும் விசைக்கோடுகள் வெளிப்பட்டையை எட்டுவதற்கு வெகு முன்பே வளைந்து இறங்கிவிடுகின்றன. வெளிப்பட்டை எலெக்ட்ரான்கள் நம் வானத்தில் விழ வழியில்லை. விழும் இடங்களில் அவை 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் காற்றை அயனியாக்குகின்றன; நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகி, அந்த உயரத்து ஓசோனைக் குறைக்கின்றன.

வெளியே போகும் வழிக்கு அலை தேவையில்லை. சூரியனை நோக்கிய பக்கத்தில் காந்தமண்டலத்தின் எல்லை வழக்கமாகப் பத்துப் புவி ஆரத் தொலைவில் இருக்கும். சூரியக் காற்றின் அழுத்தம் கூடினால் அது உள்ளே நகரும். கடுமையான புயலில் 6.6 புவி ஆரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதைக்கும் உள்ளே வந்துவிடும். கிழக்கே சுற்றிவரும் எலெக்ட்ரானின் பாதை அங்கே எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சுற்றிலேயே அது சூரியக் காற்றோடு போய்விடும். நிமிடக் கணக்கு. எல்லைக்கு அருகில் இருந்தவை போனதும் உள்ளே இருப்பவை வெளியே பரவுகின்றன, பரவியவையும் போகின்றன. பட்டை வெளியிலிருந்து உள்நோக்கி அரிக்கப்படுகிறது. எலெக்ட்ரான்கள் திடீரென்று குறைந்தால் அவை வளிமண்டலத்தில்தான் விழுந்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் நம்பியவர்களுக்கு, 2012இல் டுரூ டர்னரும் குழுவினரும் பல செயற்கைக்கோள்களின் தரவைக் கோத்துக் காட்டிய நிகழ்வு மறு பக்கத்தைக் காட்டியது: அதில் பெரும்பகுதி கீழே விழவில்லை, வெளியே போயிருந்தது.

பொய்யான இழப்பும் உண்டு. புயலின் முதன்மைக் கட்டத்தில் வளைய மின்னோட்டம் பூமியின் புலத்தை மெலியச் செய்கிறது. எலெக்ட்ரான்கள் சற்று வெளியே நகர்ந்து ஆற்றல் குறைகின்றன. ஒரே இடத்தில் ஒரே ஆற்றலை அளக்கும் கருவிக்கு எண்ணிக்கை சரிந்ததாகத் தெரியும். புயல் தணிந்ததும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் அப்படி வெளியே நகர்ந்திருக்கும் வேளையில் எல்லையும் உள்ளே வந்திருந்தால், பொய் இழப்பு மெய் இழப்பாகிவிடும்.

276 புயல்கள்

புயல் வந்தால் பட்டை வீங்கும் என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. 2003இல் ரீவ்ஸும் சகாக்களும் 1989 முதல் 2000 வரையிலான 276 புவிக்காந்தப் புயல்களை எடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் எலெக்ட்ரான் அளவை ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் புயல்களில்தான் எலெக்ட்ரான்கள் கூடியிருந்தன. ஐந்தில் ஒரு பங்கில் குறைந்திருந்தன. மீதியில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. புயலின் வலிமைக்கும் விளைவுக்கும் நேரடித் தொடர்பும் இல்லை. வலுவான புயல் பட்டையைக் காலி செய்யலாம். எளிய புயல் நிரப்பலாம்.

ஏரியில் புயலுக்கு முன்பும் பின்பும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் மழையே பெய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வரத்துக்கால் கரைபுரண்டிருக்கும், கலிங்கும் அதே அளவு வழிந்திருக்கும். பட்டையும் அப்படித்தான். மாற்றமில்லாத புயல்களிலும் பழைய எலெக்ட்ரான்கள் போய்ப் புதியவை வந்திருக்கக்கூடும். சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கி எவ்வளவு நேரம் நின்றது, வேகம் எவ்வளவு நாள் நீடித்தது, அழுத்தம் எப்போது கூடியது, பிளாஸ்மாக்கோளம் எவ்வளவு சுருங்கியது — இவற்றின் வரிசையும் கால அளவும்தான் வரத்து மிஞ்சுமா போக்கு மிஞ்சுமா என்று தீர்மானிக்கின்றன. இழப்பு பெரும்பாலும் முதலில், சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. ஆற்றல் ஏற்றம் பின்னால், ஒன்றிரண்டு நாள் எடுத்து நடக்கிறது. வேகமான சூரியக் காற்று பல நாள் தொடர்ந்து வீசும்போது கோரஸும் தொடர்கிறது. பெரிய புயல் என்று பெயரெடுக்காத அந்த நாள்களில்தான் பட்டை அமைதியாக உச்சத்துக்கு ஏறுகிறது.

இதன் விலையைக் கனடா 1994 ஜனவரி 20 அன்று கொடுத்தது. அனிக் இ1, அனிக் இ2 என்ற இரு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சில மணி நேர இடைவெளியில் கட்டுப்பாட்டை இழந்தன. ஒன்று அதே நாளில் மீண்டது. மற்றதை மீட்க மாதங்கள் ஆயின. அதற்கு முந்தைய நாள்களில் உயர் ஆற்றல் எலெக்ட்ரான்கள் புவிநிலைச் சுற்றுப்பாதையில் தொடர்ந்து மிகுந்திருந்தன. இந்த எலெக்ட்ரான்கள் சில மில்லிமீட்டர் அலுமினியத்தைத் துளைத்து, உள்ளே மின்காப்புப் பொருள்களில் தங்கிவிடும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. பல நாள் சேர்ந்தால், மின்சுற்றின் நடுவிலேயே பொறி தட்டும். இந்தியாவின் இன்சாட், ஜிசாட் கோள்களும் நிற்கும் உயரம் அதுதான். அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம் இரண்டு மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்களின் அளவு 1,000 அலகைத் தாண்டினால் எச்சரிக்கை விடுவது இதற்காகவே.

மனிதர் செய்த பட்டை

பொறியின் உறுதியை மனிதர்களே ஒருமுறை சோதித்துவிட்டார்கள்; அந்தச் சோதனையை எந்த வகையிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்பது அதன் பெயர். பிளவுற்ற அணுக்கருக்கள் சிதைந்து உமிழ்ந்த எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்துக்குள்ளேயே பிறந்ததால் அப்படியே மாட்டிக்கொண்டன. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் 1 சில மாதங்களில் கதிர்வீச்சால் செயலிழந்தது. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோள் ஏரியல் 1உம் பாதிக்கப்பட்டது. அந்த எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. உள்பட்டைப் பகுதியில் இழப்பு எவ்வளவு மெதுவானது என்பதை உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான்.

அத்தகைய எலெக்ட்ரான்களை வேண்டுமென்றே உதிர்க்க முடியுமா என்ற கேள்வி அன்றிலிருந்து இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேச நாடுகள் பயன்படுத்தும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலி அலைகளில் ஒரு பகுதி விண்வெளிக்குக் கசிந்து எலெக்ட்ரான்களைக் கலைக்கிறது. ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப் நிலையத்தின் அலைகளால் எலெக்ட்ரான்கள் விழுவதைப் பிரான்சின் டெமெட்டர் செயற்கைக்கோள் கண்டது. மின்னலிலிருந்து கிளம்பும் அலைகளும் இதையே செய்கின்றன. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையமும் இதே வகை அலைகளை அனுப்புவதுதான். காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அதன் தலைக்குமேலே கலைப்பதற்குப் பட்டை இல்லை. 2019இல் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 80 மீட்டர் நீள அலைவாங்கியுடன் டிஎஸ்எக்ஸ் என்ற செயற்கைக்கோளைப் பட்டைக்குள்ளேயே அனுப்பி, அங்கிருந்து அலைகளை உமிழ்ந்து பார்த்தது.

இரட்டைக் கலங்கள் 2019இல் எரிபொருள் தீர்ந்து ஓய்ந்தன. இரண்டு ஆண்டுக்கென்று சென்றவை ஏழு ஆண்டு உழைத்தன. அவற்றின் தரவிலிருந்து 2014இல் பேக்கர் குழு இன்னொன்றையும் சொன்னது: மிக உயர் ஆற்றல் எலெக்ட்ரான்கள் 2.8 புவி ஆரத்துக்கு உள்ளே வருவதே இல்லை. உள்நோக்கிய பரவல் அங்கே மிக மெல்லியதாகிவிட, ஹிஸ் மெல்ல மெல்ல அவற்றைத் தின்றுவிடுகிறது. ஆனாலும் அது உடையவே உடையாத எல்லை அல்ல. 1991 மார்ச்சில் உடைந்திருக்கிறது. 2003 அக்டோபர் இறுதியில் வந்த பெரும்புயலில் பிளாஸ்மாக்கோளம் சுருங்கிப்போய், வெளிப்பட்டை இடைவெளியையே நிரப்பியது.

2024 மே 10 அன்று, இருபது ஆண்டுகளில் காணாத வலிமையோடு ஒரு புயல் வந்தபோது இரட்டைக் கலங்கள் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் சர்ப் (CIRBE) என்ற சிறு செயற்கைக்கோள் இருந்தது. ஆனால் ஏப்ரலில் ஏற்பட்ட கோளாறால் அது பேச்சிழந்து கிடந்தது. ஜூன் நடுவில் தானாகவே உயிர்பெற்று அனுப்பிய தரவில், இரு பட்டைகளுக்கும் நடுவே இரண்டு புதிய பட்டைகள் தெரிந்தன. ஒன்று 1.3 முதல் 5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான எலெக்ட்ரான்களால் ஆனது. மற்றதில் உயர் ஆற்றல் புரோட்டான்கள் நிறைய இருந்தன. 2012இன் வளையம் நான்கு வாரம் நின்றது என்றால், இந்த எலெக்ட்ரான் பட்டை ஏறத்தாழ மூன்று மாதம் நின்றது. ஜூனிலும் ஆகஸ்டிலும் வந்த அடுத்த புயல்கள் அதைப் பெருமளவு கரைத்தன. புரோட்டான் பட்டை அதைவிட நீண்ட காலம் நிலைத்தது.

புவிநிலைச் சுற்றுப்பாதைக்குச் செல்லும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் இந்தப் பகுதியைக் கடந்தாக வேண்டும். எடையைக் குறைக்க மின் உந்துவிசையைப் பயன்படுத்தி மெல்ல மேலேறும் இன்றைய கோள்கள் மாதக்கணக்கில் பட்டைகளுக்குள்ளேயே இருக்கின்றன. இடைவெளி காலியாக இருக்கும் என்று கணக்கிட்டுச் சூரியத் தகடுகளுக்குக் கண்ணாடியின் தடிமனையும் மின்சுற்றுகளுக்குக் கவசத்தையும் முடிவு செய்த பொறியாளருக்கு, கோள் ஏறும் காலத்தில் ஒரு பெரும்புயல் வந்துவிட்டால் அந்தக் கணக்கு பொருந்தாது. மே 2024க்குப் பிந்தைய மூன்று மாதத்தை அவர் தம் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.